நாற்பத்தொன்றாவது மனு

பதினெட்டாவது வரைவும் மானியில் தேறவில்லை.

"இரு தரப்புப் படைகளும் ஊற்று நிலையத்திலிருந்து மரியாதையுடன் விலகும்" என்பதுதான் வாசகம். மேலத்திட்டு அமைச்சர் இளவழுதி அதைக் கணீரென்று வாசித்தார். மேசை நடுவில் இருந்த உட்பொருள்மானி ஒரு கணம் முனகிவிட்டு, வாசிக்கும்போது அவர் மனத்தில் இருந்ததைச் சுவரில் எழுதிக் காட்டியது: 'முதலில் அவர்கள் ஓடட்டும், நாங்கள் நின்று பார்ப்போம்.' எதிரே கீழத்திட்டு அமைச்சர் அதே வாசகத்தை இன்னும் இனிமையாக வாசித்தார். சுவர் சொன்னது: 'இவர்கள் போனதும் திரும்பி வந்துவிடுவோம்.'

ஒப்பு, நூற்றுக்கு ஒன்பது. முத்திரை விழத் தொண்ணூறு வேண்டும்.

இந்த மானி வந்த பிறகு உலகத்தில் பொய் குறைந்ததோ இல்லையோ, பேச்சு குறைந்துவிட்டது. முன்பெல்லாம் ஒப்பந்தம் என்றால் எழுதிய சொல்தான் சட்டம். இப்போது சொல்லும்போது மனத்தில் என்ன நினைத்தார்களோ அதுதான் சட்டம். வீட்டு வாடகையிலிருந்து நிச்சயதார்த்தம் வரை நடுவில் ஒரு மானி உட்கார்ந்திருக்கும். மேலத்திட்டு மூன்றாம் தளத்தில் ஒரு மாப்பிள்ளையின் தாயார், "உங்க பொண்ணை எங்க மக மாதிரி பாத்துக்கிடுதோம்" என்று வாய் நிறையச் சொல்ல, மானி அவர் தம் மகளை எப்படிப் பார்க்கிறார் என்பதையும் சேர்த்துக் காட்டியது. அந்த மகள் அதற்குப் பிறகு தாய்வீட்டுப் படி மிதிக்கவில்லை. யாருக்கு என்ன நன்மை என்று கேட்டால் மானி விற்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நாடுகளுக்கு இடையே நிலைமை இன்னும் மோசம். மானி வந்த பதினோரு வருடத்தில் உலகில் எங்கேயும் ஒரு சமாதான ஒப்பந்தம்கூட முத்திரை பெறவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வாசகத்தை வேறுவேறாகப் புரிந்துகொள்ள வழியிருந்ததால்தான் அந்தக் காலத்தில் போர்கள் நின்றன போலும்.

இந்த இரண்டு திட்டுகளும் கடல் கரையை விழுங்கிய பிறகு தூண்கள்மேல் எழுந்த ஊர்கள். இரண்டுக்கும் நடுவே கடலின் அடியில் நன்னீர் ஊற்று ஒன்று. அதன்மேல் ஒரு நிலையம். எட்டு மாதமாகச் சண்டை. நிலையம் இப்போது கீழத்திட்டின் கையில். அதைக் காக்க அவர்கள் கண்டுபிடித்த வழி எளிது: பிடிபட்ட மேலத்திட்டு மூழ்காளர்கள் நாற்பத்தொரு பேரையும் அதற்குள்ளேயே அடைத்துவைத்தார்கள். அதற்கு மேலத்திட்டு கண்டுபிடித்த பதிலும் எளிது: போர்நிறுத்தம் மாலை ஐந்து மணிக்கு முடிகிறது, ஐந்து ஒன்றுக்கு மூழ்குகணைகள் நிலையத்தை நோக்கிப் புறப்படும். உள்ளே இருப்பவர்கள் தியாகிகள் ஆவார்கள். தியாகிகளின் பெயர்ப்பலகைகூடத் தயாராகிவிட்டது என்று கேள்வி.

அந்தப் பலகையில் பதினேழாவது பெயர் ஜெசிந்தா. மேலத்திட்டுத் தரப்பில் வரைவு எழுத வந்திருந்த சார்புச் செயலாளர் அமலோற்பவத்தின் ஒரே மகள். அமலோற்பவம் இதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே ஊர் முழுக்கத் தெரியும்.

மணி ஒன்றரை. நடுக்கடல் மிதவைக் கூடத்தில் சீலா மீன் குழம்பு வாசனை கிளம்பியதும் அமைச்சர்கள் இருவரும் எழுந்தார்கள்.

"அதிகாரிக எதுக்கு இருக்காங்க?" என்றார் இளவழுதி. "வாசிக்கிற அதிகாரத்தை எழுதிக் கொடுத்துட்டுப் போறேன். பேசி முடிச்சு வைங்க. முடியலேன்னா அஞ்சு மணிக்கு நாங்க பாத்துக்கிடுதோம்."

முடிந்தால் பெயர் அவருக்கு, முடியாவிட்டால் பழி இவர்களுக்கு. கீழத்திட்டு அமைச்சரும் தம் ஆளுக்கு அப்படியே எழுதிக் கொடுத்தார். இந்த ஒரு விஷயத்தில் இருவரும் அண்ணன் தம்பி மாதிரி.

கூடத்தில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். எதிர்த் தரப்பு ஆள் பெயர் மீரான்கனி. அவரும் சார்புச் செயலாளர்தான். குடை, கண்ணாடிக் கூடு, மாத்திரை டப்பா என்று மேசையில் ஒரு குடித்தனமே வைத்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது அன்றுதான். கடிதத்தில் பத்தொன்பது வருடப் பழக்கம்.

"தங்கச்சி, உங்க எழுத்தை நான் நல்லாப் படிச்சவன்" என்றார் மீரான்கனி. "'மேற்காண் பொருள் தொடர்பாக'ன்னு நீங்க ஆரம்பிச்சா அந்தக் காரியம் நடக்காது."

"நீங்க 'மீளவும் நினைவூட்டப்படுகிறது'ன்னு எழுதினா, நீங்களே அதை மறந்துட்டீங்கன்னு அர்த்தம், அண்ணாச்சி."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முதல்ல கைதிகளை எடுத்துக்கிடுவோம்" என்றாள்.

வாசகம் ஒரு வரி: "நாற்பத்தொருவரும் இன்றே விடுவிக்கப்படுவர்." அவள் வாசித்தாள். முப்பத்தொரு வருடச் சர்வீசில் கோப்பு வாசிக்கும்போது குரல் ஆடாதவள். குரல் ஆடவில்லை. சுவர்தான் ஆட்டிவிட்டது: 'என் மகள் வருவாள். என் மகள் வருவாள்.'

மீரான்கனி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். பிறகு தம் முறைக்கு வாசித்தார். 'அமைச்சர் விட மாட்டார்.' ஒப்பு பன்னிரண்டு.

"எந்தப் பிள்ளை?"

"ஜெசிந்தா. வால்வு மெக்கானிக்."

அவர் மாத்திரை டப்பாவை ஒதுக்கி வைத்தார்.

"விடுதலை உத்தரவு யார் கையெழுத்துல போகும் தெரியுமா? என் கையெழுத்துல. அமைச்சர் ஒப்புதல் வேணும். அதுக்கு நான் தாள்ல ஒட்டுச்சீட்டு ஒட்டி வைப்பேன். ஒட்டுச்சீட்டு இருக்கிற இடத்துல அவரு போடுவாரு. ஏழு வருஷமா எந்தத் தாளையும் படிச்சது கிடையாது. இன்னைக்கு மீன் குழம்பு வேற."

"மாட்டிக்கிட்டா?"

"ரெண்டு வருஷத்துல ஓய்வு. இப்பவே போனா முட்டிவலிக்கு நல்லதுதான்."

இருவரும் மறுபடி வாசித்தார்கள். அவர் பக்கச் சுவரில் விழுந்தது: 'நான் எழுதுவேன். அவர் படிக்காமல் போடுவார். பிள்ளைகள் வருவார்கள்.' அவள் பக்கமும் கிட்டத்தட்ட அதுவே. ஒப்பு தொண்ணூற்று நான்கு. மானி 'டக்' என்று முத்திரை குத்தியது. பதினோரு வருடத்தில் இரண்டு நாடுகளுக்கு நடுவே விழுந்த முதல் முத்திரை. பார்க்க ஆள் இல்லை.

சாப்பாட்டு மேசைக்குப் போய் ஒப்பத்தோடு அவர் திரும்பி வரும்போது மணி இரண்டரை. விரலில் குழம்பு ஒட்டியிருந்தது. யாருடைய குழம்பு என்று அவள் கேட்கவில்லை. நிலையத்துக்குச் செய்தி போயிற்று. பதில் வந்தபோதுதான் இருவருக்கும் உறைத்தது.

அந்த ஆழத்திலிருந்து மனிதர்களை ஒரேயடியாக மேலே இழுத்தால் இரத்தம் நுரைத்துவிடும். அமுக்கக் கூண்டில் ஏற்றி மெல்ல மெல்லத்தான் தூக்க வேண்டும். நான்கு மணி நேரம். ஐந்து மணிக்கு மூழ்குகணைகள் புறப்படும்போது கூண்டு பாதி வழியில் தொங்கிக்கொண்டிருக்கும், நாற்பத்தொரு பேரோடு.

"போர் இல்லைன்னு ஒரு வரி வேணும், அண்ணாச்சி. அஞ்சுக்குள்ள."

எழுதினார்கள். "இரு தரப்பும் ஓராண்டு போர் தொடுக்காது." அவள் மனம் காட்டிக்கொடுத்தது: 'எங்கள் அமைச்சர் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார்.' அவர் மனமும் விடவில்லை: 'எங்களவர் மூன்று நாள்.' ஓராண்டை மாதமாக்கினார்கள், மாதத்தை வாரமாக்கினார்கள். தங்கள் அமைச்சரைத் தெரிந்துவைத்திருப்பதுதான் அதிகாரியின் தகுதி. அந்தத் தகுதியே ஒவ்வொரு வரியையும் கொன்றது. கூண்டு நகரத் தொடங்கிவிட்டது என்று மூன்று மணிக்குத் தகவல் வந்தது. மூன்றரைக்கு ஒப்பு முப்பது. நான்குக்கு இருபத்திரண்டு. நான்கு பத்துக்கு அமலோற்பவம் பேனாவை மூடிவைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

பேச்சை மாற்றுவதற்காகவோ, எரிச்சலிலோ, மீரான்கனி கேட்டார்: "அதெல்லாம் கிடக்கட்டும். எல்லை மிதவையில விளக்கு எரியலைன்னு உங்க ஊருக்கு நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மனு அனுப்பினேனே, அது என்னாச்சு?"

"அது பரிசீலனையில இருக்கு" என்றாள் அமலோற்பவம், முகத்திலிருந்து கையை எடுக்காமலே. பழக்கதோஷம்.

மானியை யாரும் அணைத்திருக்கவில்லை. அது முனகியது. சொன்னவள் பொருள்: 'முடியவே முடியாது.' கேட்டவர் பொருள்: 'முடியவே முடியாது.' ஒப்பு நூறு.

நூறு என்ற எண்ணை இருவருமே வாழ்க்கையில் பார்த்ததில்லை. கட்டிலில் ஒன்றாகப் படுத்து எழும் புருஷன் பெண்டாட்டிக்கே எழுபது தாண்டாது என்பார்கள். பகை நாட்டு அதிகாரிகள் இருவர், ஒரு சொல்லை எள்ளளவும் பிசகாமல் ஒன்றாக நம்பினார்கள்.

மீரான்கனி மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டார். "எழுதுங்க, தங்கச்சி. சீக்கிரம்."

அவள் எழுதினாள். "விடுவிக்கப்படுவோர் தங்கள் சிறைவாசம் குறித்து அளிக்கும் மனுக்கள் அனைத்தின் மீதும் பரிசீலனை முடியும் வரை, இரு தரப்பும் படை நடவடிக்கை எடுக்காது."

வாசித்தார்கள். இந்த முறை மானி கொஞ்சம் யோசித்தது. பிறகு இரண்டு வரியாகப் பிரித்துக் காட்டியது. கடமை: 'மனுக்கள் முடியும் வரை போர் இல்லை.' நம்பிக்கை: 'மனுக்கள் முடியவே முடியாது.' இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒப்பு நூறு. முத்திரை.

நான்கு ஐம்பத்தைந்துக்கு அமைச்சர்கள் கையெழுத்திட்டார்கள். மானி முத்திரை பெற்ற உலகின் முதல் சமாதான ஒப்பந்தம் என்றதும் இளவழுதி தலைமுடியைச் சரிசெய்துகொண்டு படம் எடுக்க நின்றார். மூழ்குகணைகளின் மூடி மறுபடி சாத்தப்பட்டது. ஏழு மணிக்குக் கூண்டு நீருக்கு மேலே வந்தது. மருத்துவர்கள் கதவைத் திறக்க, ஒவ்வொருவராக வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்கினார்கள். பதினேழாவதாக ஜெசிந்தா. மெலிந்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டபோது இடது கையை மட்டும் போட்டாள்.

வலது கை துணிச்சுற்றுக்குள் இருந்தது. நிலையத்தில் ஒரு வால்வைத் திறக்கச் சொன்னார்களாம். திறந்தால் மேலத்திட்டுக் குழாயில் உப்புநீர் ஏறும் என்று இவள் மறுத்தாளாம். காவலன் ஒருவன் அவள் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினானாம். பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் போய்விட்டன.

ஒப்பந்தப்படி நாற்பத்தொரு பேரும் மனு கொடுத்தார்கள். செருப்பு தொலைந்தது, சோற்றில் கல், கைக்கடிகாரத்தைத் திருப்பித் தரவில்லை, கெட்ட வார்த்தை சொன்னார்கள் என்று பலவகை. ஜெசிந்தாவின் மனு ஒரு பக்கம்: கையைச் சாத்தியவன் யார் என்று விசாரித்துத் தண்டிக்க வேண்டும்.

மூன்று மாதம் ஊர் நிம்மதியாக இருந்தது. அதன் பிறகுதான் இளவழுதியின் வக்கீல் ஒருவர் ஒப்பந்தத்தை உட்கார்ந்து படித்தார். படிக்கிற ஆள் ஒருவன் இருந்தாலே ஆபத்துதான். கடமை மட்டுமே சட்டம், நம்பிக்கை அவரவர் பாடு. மனுக்கள் முடிந்துவிட்டால் போர் தொடுக்கலாம் என்று அவர் கண்டுபிடித்தார். கீழத்திட்டிலும் யாரோ ஒருவர் அதே வாரம் அதையே கண்டுபிடித்தார்.

அடுத்து நடந்ததை அரசு ஊழியர்கள் இன்றைக்கும் மூச்சடக்கிக்கொண்டுதான் சொல்கிறார்கள். இரண்டு அரசுகளும் மனுக்களை முடிக்கத் தொடங்கின. விரைவுத் தீர்வு முகாம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்தது. துணை இயக்குநர் ஒருவர் செருப்புப் பெட்டியோடு மனுதாரர் வீட்டுக்கே போய், அளவு சரியா என்று குனிந்து பார்த்தார். படைத்தளபதிகள் தினமும் தொலைபேசியில் எத்தனை பாக்கி என்று கேட்டார்கள். மூழ்குகணைகளுக்கு எண்ணெய் போட்டார்கள். அரசாங்கம் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததை ஊர் பார்த்ததே இல்லை. பார்த்த ஊருக்குக் குலை நடுங்கியது. ஒரு மனு முடிந்த செய்தி வந்தால் அந்த வீட்டுப் பெண்கள் அழுதார்கள்.

முப்பது முடிந்தது. முப்பத்தெட்டு முடிந்தது. ஐந்தாம் மாதக் கடைசியில் நாற்பது.

நாற்பத்தொன்றாவது, அமலோற்பவத்தின் மேசையில் இருந்தது.

சொந்த மகளின் மனு அம்மாவிடம் வரலாமா என்று கேட்பீர்கள். இரண்டு ஊரும் சேர்ந்து விசாரிக்க வேண்டிய மனுக்களுக்கு ஒப்பந்த வாசிப்பாளர்களே பொறுப்பு என்று அவள் அன்றைய அவசரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள். அவள் கேள்விமேல் கேள்வி எழுதினாள். சம்பவ நேரம் நிலையக் கடிகாரப்படியா, ஊர்க் கடிகாரப்படியா? கதவு உட்புறம் சாத்துவதா, வெளிப்புறமா? மீரான்கனி ஒவ்வொன்றுக்கும் இருபத்தொன்பதாம் நாள் பதில் போட்டு, பதிலோடு ஒரு துணைக் கேள்வியும் அனுப்பினார்.

உண்மையில் விசாரிக்க எதுவுமே இல்லை. காவலன் பெயரை மீரான்கனி முதல் வாரமே தனிக் கடிதத்தில் எழுதிவிட்டார், ஊரும் தெருவும் உட்பட. கடிதம் அவளுடைய இழுப்பறையில் இருந்தது. அதை வெளியே எடுத்தால் அவன் தண்டிக்கப்படுவான், மனு முடியும், ஊற்றை நோக்கிக் கணைகள் புறப்படும். தினம் காலையில் இழுப்பறையைத் திறந்து பேனா எடுக்கும்போது அவள் அந்தக் கடிதத்தைப் பார்ப்பாள்.

வீட்டில் ஜெசிந்தா இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, என் மனு?" என்று முதலில் வாரம் ஒருமுறை கேட்டாள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு கேட்கவில்லை.

நீதியில் நடக்காததை மன்னிப்பில் நடத்தலாம் என்று தளபதிகளுக்கு யாரோ யோசனை சொல்லியிருக்க வேண்டும். மேஜர் ஒருவரும் கேப்டன் ஒருவரும் பழக்கூடையோடு ஜெசிந்தாவைப் பார்க்க வந்தார்கள். பகையை மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது, மன்னிப்பதில்தான் பெருமை என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். பங்குச் சாமியார்கூட அவ்வளவு உருக்கமாகப் பேசியதில்லை. ஜெசிந்தா குறுக்கே பேசாமல் கேட்டாள். அவர்கள் எதற்காகச் சொன்னார்கள் என்பது வேறு. அவளுக்கே அலுத்துப் போயிருந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அம்மா அலுவலகத்தின் மனு வாங்கும் முகப்பில் வந்து நின்றாள். பின்னால் மேஜரும் கேப்டனும், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில். வாபஸ் படிவத்தை இடது கையால் நீட்டினாள்.

அமலோற்பவம் படிவத்தைத் தொடாமல் பார்த்தாள்.

"நீயா எழுதினே?"

"நான்தாம்மா. இதையே நெனச்சுக்கிட்டுக் கிடக்க முடியலை. அவன் எவனோ, எங்கேயோ இருந்துட்டுப் போறான். எனக்குத் தூக்கம் வரணும்."

முகப்பு மானிக்கு முன்னால் வாசித்தாள்: "என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன். மன்னித்துவிட்டேன்." மானி காட்டியது: 'மன்னித்துவிட்டேன்.' அம்மாவுக்குப் புரிந்ததும் அதுதான். ஒப்பு தொண்ணூற்றெட்டு. பெஞ்சில் தொப்பிகள் எழுந்து தலைக்குப் போயின. மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அமலோற்பவம் படிவத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தாள். பெயர் சரி. தேதி சரி. காரணம் சரி. இத்தனை வருடச் சர்வீசில் எந்தத் தாளையும் அவள் அவ்வளவு பயந்து படித்ததில்லை. கடைசிக் கட்டத்தில் கண் நின்றது. அங்கே ஒரு நீல நிறக் கறை, இடது பெருவிரல் ரேகை.

"இது செல்லாது" என்றாள்.

மேஜர் வந்துவிட்டார். "என்னம்மா செல்லாது?"

"திரும்பப் பெறும் படிவத்துல பெண்களுக்கு வலது கைப் பெருவிரல் ரேகை வேணும். விதி."

"அந்தப் பொண்ணு கையைப் பாத்துட்டா பேசுதீங்க? நீங்க பெத்தவங்கதானே?"

"விதியில பெத்தவங்களுக்குச் சலுகை இல்லை, சார். திருத்தணும்னா முன்மொழிவு அனுப்புங்க. ரெண்டு ஊரும் ஒத்துக்கிடணும்."

மேஜர் வாயைத் திறந்தார். மானியின் விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். இருவரும் பூட்ஸ் சத்தத்தோடு வெளியேறினார்கள்.

அமலோற்பவம் பச்சை மையால் படிவத்தின் ஓரத்தில் எழுதினாள்: 'வலது கைப் பெருவிரல் ரேகை இல்லை. குறையை நிவர்த்தி செய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்.' கீழே சுருக்கொப்பம், தேதி.

ஜெசிந்தா அதை வாங்கிப் படித்தாள். வலது கையை எடுத்து முகப்புப் பலகையின்மேல் வைத்தாள், மிச்சமிருந்த இரண்டு விரல்களோடு.

"எம்மா, இது வளராதும்மா."

"தெரியும்" என்றாள் அமலோற்பவம்.

மானியும் 'தெரியும்' என்றே காட்டியது. அதற்குக் கீழே எதையும் சேர்க்கவில்லை.